நாய்க்குப் பூச்சி மாத்திரை: எந்தப் புழு, எவ்வளவு மருந்து, மறுபடி எப்போது

மருந்துக் கடையில் "நாய்க்குப் பூச்சி மாத்திரை கொடுங்க" என்று கேட்டால் ஒரு பட்டையை எடுத்து நீட்டுவார்கள். பெரும்பாலும் எடையும் கேட்கமாட்டார்கள், வயதும் கேட்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒன்றைப் பிட்டுக் கொடுத்ததும் வேலை முடிந்ததாக ஆகிவிடுகிறது. மூன்றே வாரத்தில் மலத்தில் மறுபடி அரிசி அரிசியாக ஊரும். மருந்து போலி என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அந்த மாத்திரை அன்றைக்குக் குடலுக்குள் இருந்த புழுவைக் கொன்றது. அதற்கு மேல் அதற்கு வேலை கிடையாது. நுரையீரலில் ஊர்ந்துகொண்டிருக்கும் இளம்புழு, முற்றத்து மண்ணில் கிடக்கும் முட்டை, ரோமத்தில் ஓடும் தெள்ளுப்பூச்சி எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. அதனால் மாத்திரையை விட, அதை மறுபடி கொடுக்கும் தேதியும் நாய் படுக்கும் தரையும்தான் இங்கே முக்கியம்.

எந்தப் புழு என்று முதலில் பாருங்கள்

உருண்டைப்புழு: வெள்ளையாக, வேகவைத்த சேமியாவை நீளமாக விட்டது போல இருக்கும். 10 முதல் 18 செ.மீ. வரை வளரும். குட்டிகள் வாந்தியிலும் மலத்திலும் சுருள் சுருளாகத் தள்ளும். வயிறு மட்டும் பானையாக உப்பி, முதுகெலும்பு தெரிய, ரோமம் மங்கிக் கிடக்கும் குட்டியைப் பார்த்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

கொக்கிப்புழு: ஒரு செ.மீ. முதல் இரண்டு செ.மீ.க்குள் மெல்லிய நூல். மலத்தில் கண்ணுக்குத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். தெரிவது அது செய்த சேதம்தான்: தார் மாதிரி கறுத்த மலம், வெளிறிய ஈறு, எழுந்து நிற்கத் தெம்பில்லாத குட்டி.

நாடாப்புழு: ஆசனவாயைச் சுற்றியும் படுக்கையிலும் வெள்ளரி விதை அளவில் துண்டுகள். புதிதாக வந்தவை மெதுவாக நெளியும், காய்ந்தால் அரிசிக் குருணை போல ஒட்டிக் கிடக்கும். வீட்டு நாய்களில் அதிகம் காணும் வகை தெள்ளுப்பூச்சி வழியாக வருவது.

சாட்டைப்புழு: பெருங்குடலில் வாழும். விட்டு விட்டு வரும் கழிச்சல், மலத்தின் கடைசியில் சளியும் கொஞ்சம் சிவப்பு ரத்தமும். இதையும் கண்ணால் பார்ப்பது அரிது.

ஜியார்டியா, காக்சிடியா இரண்டும் புழுவே அல்ல, ஓரணு உயிரிகள். கூட்டமாக வளரும் குட்டிகளுக்கு நாற்றமடிக்கும் வழுவழுத்த கழிச்சல் வந்து, இரண்டு முறை பூச்சி மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை என்றால் இவற்றை நினைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரணப் பூச்சி மாத்திரை காக்சிடியாவைத் தொடவே தொடாது.

தவறாகப் புரிந்துகொள்ளப்படும் மூன்று விஷயங்களும் உண்டு. நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்து இழுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஆசனவாய்ப் பக்கம் உள்ள சுரப்பிப் பைகள் அடைத்துக்கொண்டது, புழு அல்ல. வெயிலில் அரை நாள் கிடந்த மலத்தில் நெளிவது ஈ முட்டையிட்டு வந்த புழு. அதற்கு நாயின் குடலோடு சம்பந்தமில்லை. பிள்ளைகளுக்கு ராத்திரி ஆசனவாயில் அரிப்புத் தரும் நூல்புழு மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவது. அந்தப் பழியை நாய் மேல் போடாதீர்கள்.

மலப் பரிசோதனை

கண்ணால் பார்ப்பது பாதி வேலைதான். முட்டையைக் காண நுண்ணோக்கி வேண்டும். கழித்த சூட்டோடு, மண் ஒட்டாத நடுப்பகுதியிலிருந்து ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு எடுங்கள். மூடி இறுகும் சின்ன டப்பாவில் போட்டு நாயின் பெயர், தேதி, நேரம் எழுதுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம், ஒரு நாள் தாங்கும். உறைபெட்டியில் வைத்தால் முட்டை சிதைந்துவிடும். நம்ம ஊர் வெக்கையில் வெளியே விட்டுவைத்தால் கொக்கிப்புழு முட்டை பொரிந்து இளம்புழு வெளியே வந்துவிடும். ஆய்வகத்தில் பார்ப்பவருக்கு அது வேறு குழப்பம்.

ஆய்வகத்தில் மலத்தை அடர்த்தியான உப்பு அல்லது துத்தநாக சல்பேட் கரைசலில் கலக்கி முட்டைகளை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். சுழல் இயந்திரத்தில் சுற்றி மிதக்கவைக்கும் முறையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறுமனே ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்ப்பதில் லேசான தொற்று தப்பிவிடும். அந்தத் துளிக்கும் ஒரு பயன் உண்டு: உப்புநீரில் சூடு ஆறுமுன் பார்த்தால் ஜியார்டியா துள்ளி ஓடுவது தெரியும்.

'முட்டை இல்லை' என்று முடிவு வந்தால் புழு இல்லை என்று அர்த்தமல்ல. சாட்டைப்புழு நாயின் உடலுக்குள் போய் முட்டையிடத் தொடங்கவே ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், அதன் பிறகும் விட்டு விட்டுத்தான் இடும். நாடாப்புழு துண்டுகளாக உதிர்வதால் முட்டை கரைசலில் சிக்காமல் போகும். அதற்கு நீங்கள் பார்த்த 'அரிசி'யை எடுத்துக்கொண்டு போவதே நல்ல சான்று. ஜியார்டியா சந்தேகம் இருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று மாதிரி கொடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆட்டுப் புழுக்கையையும் கோழி எச்சத்தையும் தின்னும் நாயின் மலத்தில் அந்தப் பிராணிகளின் காக்சிடியா அப்படியே கடந்து வந்து, நாய்க்கே நோய் இருப்பதாகக் காட்டும். தெருவில் மேய்கிற நாய் என்றால் மூன்று நாள் கட்டிவைத்துவிட்டு மறுபடி மாதிரி எடுங்கள்.

சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் மருத்துவரைப் பார்க்கும்போதே இந்தப் பரிசோதனையையும் கேட்கலாம்.

எடை போடாமல் மருந்து வேண்டாம்

பெரிய நாய் என்றால் அதைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவி மேல் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். குட்டிகளைச் சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தில் வைத்து, ஒவ்வொன்றாக. ஒரே ஈற்றுக் குட்டிகளில் ஒன்று 400 கிராமும் இன்னொன்று 700 கிராமும் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஊற்றுவதில்தான் இளைத்த குட்டிக்கு அதிகமும் கொழுத்த குட்டிக்குக் குறைவும் போகிறது.

வளர்ந்த நாய்களுக்கு அதிகம் கிடைப்பது பிராசிகுவாண்டல் 50 மி.கி., பைராண்டல் எம்போனேட் 144 மி.கி., ஃபெபாண்டல் 150 மி.கி. சேர்ந்த மாத்திரை. 10 கிலோவுக்கு ஒன்று என்பது கணக்கு. 12 கிலோ நாய்க்கு ஒன்றரை. அரை மாத்திரை அளவில் மேல்நோக்கி முழுமைப்படுத்துவது நல்லது, குறைத்துக் கொடுப்பதுதான் தவறு. இந்த மூன்றில் பிராசிகுவாண்டல் நாடாப்புழுவுக்கு. பைராண்டல் உருண்டைக்கும் கொக்கிக்கும். சாட்டைப்புழுவைப் பிடிப்பது ஃபெபாண்டல். பட்டையின் பின்புறம் ஃபெபாண்டலோ ஃபென்பெண்டசோலோ இல்லாமல் பைராண்டல் மட்டும் இருந்தால் சாட்டைப்புழு தப்பிவிடும், பிராசிகுவாண்டல் இல்லாவிட்டால் நாடாப்புழு தப்பிவிடும்.

பைராண்டல் எழுதியிருக்கும் விதத்திலும் ஒரு சிக்கல். 144 மி.கி. எம்போனேட் (பைராண்டலின் உப்பு வடிவம்) என்பதும் 50 மி.கி. பைராண்டல் என்பதும் ஒன்றேதான். ஒரு நிறுவனம் உப்பின் எடையையும் இன்னொன்று மருந்தின் எடையையும் போடும். பெயரை மட்டும் பார்த்து வேறு மருந்துக்கு மாறும்போது மில்லிகிராமை ஒப்பிடாதீர்கள், 'எத்தனை கிலோவுக்கு ஒன்று' என்ற வரியைப் பாருங்கள்.

குட்டிகளுக்குத் திரவ மருந்து. பலவற்றில் கிலோவுக்கு 1 மி.லி. என்று இருக்கும், உங்கள் புட்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அப்படியானால் 600 கிராம் குட்டிக்கு 0.6 மி.லி. இதைத் தேக்கரண்டியில் அளக்க முடியாது; ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சு வேண்டும். புட்டியை நன்றாகக் குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி, முதல் குட்டிகளுக்கு வெறும் தண்ணீரும் கடைசிக் குட்டிக்குக் கெட்டி மருந்தும் போகும். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கும். தலை நேராக இருக்க, கடைவாய் ஓரமாகச் சிரிஞ்சை நுழைத்து, சொட்டுச் சொட்டாக, விழுங்க நேரம் கொடுத்து விடுங்கள்.

சாட்டைப்புழு, பிடிவாதமான கொக்கிப்புழு, ஜியார்டியா இவற்றுக்கு மருத்துவர் பெரும்பாலும் எழுதுவது ஃபென்பெண்டசோல், கிலோவுக்கு 50 மி.கி., நாளுக்கு ஒரு வேளை, குறைந்தது 3 நாள் தொடர்ந்து. ஜியார்டியாவுக்கு 5 நாள் வரை. 12 கிலோ நாய்க்கு ஒரு நாளுக்கு 600 மி.கி.; 150 மி.கி. மாத்திரை என்றால் நான்கு. சாப்பாட்டோடு கொடுங்கள். முதல் நாளே மலம் இறுகிவிட்டது என்று இரண்டாம் நாளோடு நிறுத்தினால் மொத்தமும் வீண்.

மாத்திரையைக் கொடுக்கும் விதம்: பிராசிகுவாண்டல் கசக்கும். தயிர்சாதத்தில் பொடித்துக் கலந்தால் நாய் முகர்ந்துவிட்டுப் போய்விடும், எவ்வளவு உள்ளே போனது என்று உங்களுக்கும் தெரியாது. வேகவைத்த ஈரல் துண்டைக் கீறி உள்ளே வையுங்கள். முதலில் மருந்தில்லாத ஒரு துண்டு, அடுத்து மருந்துள்ளது, உடனே மூன்றாவதைக் கண்ணில் காட்டுங்கள். மூன்றாவதுக்கு அவசரப்பட்டு இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். கொடுத்த பிறகு ஒரு மணி நேரம் அவிழ்த்துவிடாமல் பாருங்கள். உடனே வாந்தி எடுத்து மாத்திரை முழுதாக வெளியே வந்தால் மருத்துவரைக் கேட்டு மறுபடி கொடுக்கலாம். நேரம் கழித்து வந்தால் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

கொடுக்கக் கூடாதவை: பிள்ளைகளுக்கு வாங்கிய அல்பெண்டசோல் மாத்திரை வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று பாதியாக உடைக்காதீர்கள், நாய்களுக்கு எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் மருந்து அது. ஆடுமாடுகளுக்கான ஐவர்மெக்டின் ஊசி மருந்தைச் சொட்டுக் கணக்கில் வாயில் விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதன் அடர்த்தி பெரிய விலங்குக்கானது. கோலி (Collie) போன்ற மேய்ச்சல் நாய் இனங்களில் மரபணுக் குறை உள்ளவற்றுக்குக் கொஞ்சம் கூடினாலே தள்ளாட்டம், மயக்கம், சாவு வரை போகும். பூண்டு நசுக்கிக் கொடுப்பதும் வேண்டாம். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைப்பவை. கொக்கிப்புழுவால் ஏற்கெனவே ரத்தம் இல்லாத குட்டிக்கு அது எரிகிற வீட்டில் எண்ணெய். வேப்பிலையும் விளக்கெண்ணெயும் இந்த வேலைக்கு உதவாது.

குட்டிகளுக்கான நாள்கணக்கு

பிறந்த 2, 4, 6, 8 வாரங்களில். பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை. இந்தக் கணக்குக்குக் காரணம் புழுவின் பயணம். தாய்நாயின் தசையில் உறங்கும் உருண்டைப்புழு இளம்புழுக்கள் சினைக்காலத்தின் கடைசி மூன்று வாரங்களில் விழித்து, நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிகளின் ஈரலுக்குள் போகின்றன. பிறந்ததும் அங்கிருந்து நுரையீரல், தொண்டை, மறுபடி குடல். மூன்றாவது வாரத்திலேயே அவை முட்டையிடத் தயார். கொக்கிப்புழு தாய்ப்பாலில் வருகிறது. முதல் மருந்து கொடுக்கும் அன்றைக்குப் பாதிப் புழு இன்னும் குடலுக்கு வந்து சேரவில்லை. பின்னால் வருகிறவற்றைப் பிடிக்கவே இரண்டு வாரத்துக்கொரு முறை. தாயின் மலத்தில் முட்டையே இல்லாமல் குட்டிகள் புழுவோடு பிறப்பதும் இதனால்தான்.

தாய்க்கும் அதே நாட்களில் கொடுக்க வேண்டும். குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்கிறபோது அவற்றின் புழு தாயிடம் போய்விடுகிறது. சினையாக இருக்கும்போது மட்டும் ஃபெபாண்டல் உள்ள மாத்திரையைத் தவிர்த்துவிடுங்கள். சினையின் 40-ம் நாளிலிருந்து ஈன்ற 14-ம் நாள் வரை தினம் ஃபென்பெண்டசோல் கொடுத்துக் குட்டிகளுக்குப் புழு போவதைக் குறைக்கும் முறை உண்டு. அது மருத்துவர் எழுதித் தரவேண்டியது.

தடுப்பூசி தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு வேளைப் பூச்சி மருந்தை முடித்துவிடப் பல மருத்துவர்கள் சொல்வார்கள். தெருவிலிருந்து எடுத்து வந்த குட்டி சோர்ந்து, வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக இருந்தால் அன்றைக்குப் பூச்சி மருந்தைக் கையில் எடுக்காதீர்கள். அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். புழு என்று நினைத்து வீட்டில் கழியும் ஒரு நாள் குட்டியின் உயிரை வாங்கிவிடும்.

வெளிறிய ஈறு

தனியாகச் சொல்ல வேண்டியது இது. ஒரு கொக்கிப்புழு நாளுக்கு ஏறக்குறைய 0.1 மி.லி. ரத்தம் குடிக்கும். 500 கிராம் குட்டியின் உடலில் மொத்த ரத்தமே 40, 45 மி.லி. தான். நூறு புழு இருந்தால் நாளுக்கு 10 மி.லி. போய்விடும். ஒட்டியிருந்த இடத்தை விட்டுப் புழு நகரும்போது புண்ணிலிருந்து கசிவது வேறு. இரண்டு மூன்று நாளில் கதை முடியும். இந்த வயதில் புழு இன்னும் முட்டையிடத் தொடங்கியிருக்காது என்பதால் மலப் பரிசோதனையும் 'இல்லை' என்றே சொல்லும்.

ஆகவே இரண்டு மூன்று வாரக் குட்டிகளின் மேலுதட்டைத் தினமும் தூக்கிப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக, விரலால் அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். காகிதம் போல வெளுத்து, மலம் கறுத்து, பால் குடிக்காமல், உடம்பு சில்லிட்டிருந்தால் பூச்சி மருந்து மட்டும் காப்பாற்றாது. ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். துணியில் சுற்றிக் கதகதப்பாக உடனே கொண்டுபோங்கள், ஈறு இன்னும் வெளுக்காத கூடப்பிறந்த குட்டிகளையும் சேர்த்து. வளர்ந்த நாய்க்கு ஈறு வெளுத்தால் உண்ணிக் காய்ச்சலையும் நினைவில் வையுங்கள். உடலில் உண்ணி இருந்ததா என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வளர்ந்த நாய்களுக்கு

வீட்டுக்குள்ளேயே இருந்து கயிற்றில் நடக்கப் போய்வரும் நாய்க்கு 3 மாதத்துக்கொரு முறை போதும். அல்லது அதே இடைவெளியில் மலத்தைப் பார்த்து, இருந்தால் மட்டும் மருந்து. அவிழ்த்துவிடும் நாய், எலி பிடிக்கும் நாய், தவழும் குழந்தை உள்ள வீட்டு நாய் என்றால் மாதம் ஒருமுறை.

கொடுத்த மறுநாள் மலத்தில் உருண்டைப்புழு கொத்தாக வந்தால் பயப்படாதீர்கள், மருந்து வேலை செய்கிறது. நாடாப்புழு குடலுக்குள்ளேயே செரித்துவிடுவதால் ஒன்றும் தெரியாமல் போவது இயல்பு. நிறையப் புழு உள்ள குட்டிக்கு அவை செத்து உருண்டு குடலை அடைக்கலாம்: விடாமல் வாந்தி, வயிறு கல்லாக இறுகுதல், மலமே வராமை. அப்போது காத்திருக்கக் கூடாது.

தரை

மண்ணில் உருண்டைப்புழு முட்டை ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிளீச்சிங் பவுடர், ஃபினாயில் எதுவும் அதைக் கொல்லாது. தரை மணக்கும், அவ்வளவுதான். முட்டை புதிதாக விழுந்தவுடன் தொற்றாது, தொற்றும் பருவத்துக்கு வர இரண்டு வாரமாவது ஆகும். இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்த வாய்ப்பு: மலத்தைத் தினமும் அள்ளிவிட்டால் அந்தப் பருவத்துக்கு அது மண்ணில் தங்காது. கொக்கிப்புழு இன்னும் வேகம். ஈரமான நிழல் மணலில் ஒரு வாரத்துக்குள் இளம்புழுவாகி, நாயின் பாதத் தோலைத் துளைத்தே உள்ளே போகும். வெயிலும் உலர்ந்த தரையும் அதற்கு ஆகாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கட்டுமிடத்தை நிழல் மண்ணிலிருந்து சிமெண்ட் தளத்துக்கு மாற்றுங்கள்.

சிமெண்ட் தரையில் மலத்தை முதலில் உலர்வாக அள்ளுங்கள். அள்ளாமல் எடுத்த எடுப்பிலேயே குழாயைத் திறந்துவிட்டால் முட்டை மூலைக்கும் வெடிப்புக்கும் பரவும். பிறகு சோப்பு போட்டுத் தேய்த்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, வெயிலில் காயவிடுங்கள். வீட்டு வேலைக்கு இறக்கிய மணல் குவியலை இரவில் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். தெருநாய்க்கு அதை விட வசதியான இடம் கிடையாது, பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான்.

நாடாப்புழுவுக்குத் தரையை விடத் தெள்ளுப்பூச்சிதான் எதிரி. தெள்ளுக்கு மருந்து போடாமல் பிராசிகுவாண்டல் மட்டும் கொடுத்தால் மூன்று வாரத்தில் புதுத் துண்டு வரும். வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைக்கும் ஒரே நாளில் தெள்ளு மருந்து, படுக்கைத் துணிக்கு வெந்நீர்.

ஜியார்டியாவில் சிகிச்சையின் கடைசி நாள் நாயை நன்றாகக் குளிப்பாட்டுங்கள், குறிப்பாகப் பின்பக்க ரோமத்தை. ரோமத்தில் ஒட்டியதை நக்கியே மறுபடி வாங்கிக்கொள்ளும். இதன் கூடு (ஓட்டுக்குள் அடங்கிய கிருமி) மலத்தோடு வெளியே வந்த நொடியிலேயே தொற்றும், ஆனால் காய்ந்தால் செத்துவிடும்.

வீட்டு மனிதர்களுக்கு

உருண்டைப்புழு முட்டை உள்ள மண் குழந்தையின் வாய்க்குள் போனால் இளம்புழு ஈரல், கண் என்று அலையும். பார்வை போகவும் கூடும். கொக்கிப்புழு வெறுங்கால் தோலில் நுழைந்து அரிப்போடு வளைந்து வளைந்து செல்லும் சிவந்த கோடாகத் தெரியும். நாய்க் கொக்கிப்புழுக்களில் ஒன்று மட்டும் மனிதக் குடலிலும் முழுதாக வளரக்கூடியது. 1911-இல் இலங்கையில் ஒரு புனுகுப்பூனையிலிருந்து கண்டறியப்பட்டதால் அதன் அறிவியல் பெயரிலேயே சிலோன் இருக்கிறது. மண்ணில் நடக்கச் செருப்பும், சாப்பிடுமுன் கை கழுவுவதும்தான் மருந்து. வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு கோடு தெரிந்தால் தோல் மருத்துவரிடம் நாய் இருப்பதையும் சொல்லுங்கள்.

கறிக்கடைக் கழிவைப் பச்சையாகப் போடும் வழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். ஆட்டு ஈரலிலும் நுரையீரலிலும் உள்ள நீர்க்கட்டிகளைத் தின்னும் நாயின் குடலில் சில மில்லிமீட்டரே உள்ள ஒரு நாடாப்புழு வளர்கிறது. அதன் முட்டை மனிதருக்குப் போனால் ஈரலில் பெரிய கட்டியாகி அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும். நன்றாக வேகவைத்துப் போடுங்கள். தடுக்க முடியாத வேட்டை நாய், மந்தை நாய் என்றால் 6 வாரத்துக்கொரு முறை பிராசிகுவாண்டல்.

கொடுத்தும் போகவில்லை என்றால்

முதலில் எடையைச் சரிபாருங்கள். வளரும் குட்டிக்குப் போன மாத அளவையே கொடுத்திருப்பீர்கள். அடுத்து, மருந்தில் அந்தப் புழுவுக்கான சேர்க்கை உண்டா என்று பட்டையைப் பாருங்கள். மூன்றாவது தரையும் தெள்ளும். சாட்டைப்புழு என்றால் மூன்று மாதத்துக்குப் பிறகு இன்னொரு சுற்று கொடுத்தீர்களா?

எல்லாம் சரியாக இருந்தும் கொக்கிப்புழு முட்டை மறுபடி மறுபடி வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். குடல் புழு செத்து இடம் காலியானதும் தசையில் உறங்கியவை கிளம்பி வந்து குடியேறுவது ஒன்று. மருந்துக்கு அடங்காத புழு இன்னொன்று. பந்தய நாய்கள் வழியாக அமெரிக்காவில் இது பரவியிருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய, மருந்து கொடுக்கும் அன்று ஒரு மாதிரியும் சரியாக 14-ம் நாள் இன்னொரு மாதிரியும் ஒரே ஆய்வகத்தில் கொடுத்து, ஒரு கிராம் மலத்தில் எத்தனை முட்டை என்று எண்ணிச் சொல்லக் கேளுங்கள். 'உண்டு, இல்லை' என்ற பதில் இதற்குப் போதாது. எண்ணிக்கை 14-ம் நாள் நன்றாக இறங்கி, சில வாரம் கழித்து மறுபடி ஏறினால் உறங்கிய புழு வந்திருக்கிறது அல்லது தரையிலிருந்து தொற்றியிருக்கிறது. மாதாமாதம் மருந்து தொடர வேண்டும். எடைக்கு ஏற்ற அளவு உள்ளே போயும் 14-ம் நாளே இறங்காமல் நின்றால் அந்த இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய் வேறு வகை மருந்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.